12 ஹிட் அடித்த அணி தோற்றது, ஒரே ஒரு ஹிட் அடித்த அணி ஜெயித்தது. எப்படி?

கேள்வி இதுதான்: 1959 மே 26 அன்று மில்வாக்கியில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு 12 ஹிட், ரன் பூஜ்யம். மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு ஒரு ஹிட், ஒரு ரன், வெற்றி. தோற்ற அணியின் பிட்சர் (பந்து போடுகிறவர்) ஹார்வி ஹாடிக்ஸ் பெயருக்கு நேரே 12⅔ இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட் என்று போட்டிருக்கிறது. இது அச்சுப்பிழையா, பிழை இல்லையென்றால் இந்த மனிதர் பெயர் ஏன் 'பெர்ஃபெக்ட் கேம்' பட்டியலில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழை இல்லை. அந்த ஸ்கோரில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் அதில் ஒரு எண், ஆட்டம் முடிந்த மறுநாள் ஒரு அலுவலக மேஜையில் மாற்றி எழுதப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஸ்கோரை அப்படியே கீழே எழுதிவிடுகிறேன்.

பிட்ஸ்பர்க்: 000 000 000 000 0. ரன் 0, ஹிட் 12, எரர் (பந்தைப் பிடிப்பதிலோ எறிவதிலோ செய்த பிழை) 1.
மில்வாக்கி: 000 000 000 000 1. ரன் 1, ஹிட் 1, எரர் 0.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்துவது ஹிட்டுக்கும் ரன்னுக்கும் உள்ள இடைவெளி. கிரிக்கெட்டில் பந்தை அடித்து எதிர்முனைக்கு ஓடிவிட்டால் ஒரு ரன் வந்துவிடும். பேஸ்பாலில் அப்படி வராது. 'பேஸ்' எனப்படும் நான்கு மூலைகளையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். ஹிட் என்பது தன் அடியின் பலத்தில் முதல் பேஸையாவது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கான குறிப்பு, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தவர் அங்கேயே நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவர்கள் அவுட் ஆகிவிட்டால் அந்த ஹிட் வீண். மூன்று அவுட் விழுந்தால் அந்த இன்னிங்ஸில் அந்த அணியின் முறை முடிந்தது. 9 இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக இருந்தால் ஒவ்வொரு இன்னிங்ஸாக நீட்டிக்கொண்டே போவார்கள். இந்த ஆட்டம் 13 வரை போனது.

'பெர்ஃபெக்ட் கேம்' என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 27 பேர். அந்த 27 பேரில் ஒருவர்கூட எந்த வழியிலும் முதல் பேஸை எட்டக் கூடாது. ஹிட் கூடாது என்பது மட்டும் இல்லை. வாக் (அடிக்க வாகில்லாமல் நான்கு பந்து வெளியே போட்டு ஆளை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுக்கக் கூடாது, பந்து உடம்பில் படக் கூடாது, தன் அணிக்காரர் யாரும் பந்தை நழுவவிடவும் கூடாது. கடைசி விஷயம் பிட்சர் கையில் இல்லாதது என்பதைக் கவனியுங்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 1956 அக்டோபர் 8 அன்று வேர்ல்ட் சீரிஸில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன் இதைச் செய்து காட்டியிருந்தார்: 27 பேர், 97 பந்து, 2-0. ஹாடிக்ஸ் அந்த இரவு 27-ஐத் தாண்டி 36 பேரை வரிசையாக அனுப்பினார். வாழ்க்கைச் சரித்திரம் எழுதினால் பெரிய புகழ் கூடிய ஆள் ஒன்றும் இல்லை அவர். ஒஹையோ மாநிலத்துக் கிராமத்துப் பையன், சின்ன உருவம், இடது கை. செயின்ட் லூயிஸ் அணியில் இருந்தபோது 1953-ல் 20 வெற்றி பெற்றவர். அங்கே 'பூனை' என்று செல்லப்பெயர் கொண்ட ஹாரி பிரெக்கீன் என்ற மூத்த பிட்சரின் சாயல் இவரிடம் இருந்ததால் இவருக்கு 'பூனைக்குட்டி' என்று பெயர் விழுந்தது.

அன்று பூனைக்குட்டிக்கு ஜலதோஷமும் உடம்பு வலியும். ஆட்டத்துக்கு முன் அணிக் கூட்டத்தில், மில்வாக்கியின் ஒவ்வொரு ஆளுக்கும் எப்படிப் போடப் போகிறேன் என்று வரிசையாகச் சொன்னார். சொன்னபடியே போட்டால் நீ இன்றைக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்க மாட்டாய் என்று மூன்றாவது பேஸ்காரர் டான் ஹோக் கிண்டலடித்தாராம். ஹோக் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே இருந்தது சாதாரண அணியும் இல்லை. பிரேவ்ஸ் 1957-ல் சாம்பியன், 1958-ல் நேஷனல் லீகில் முதலிடம். வரிசையில் இரண்டாவதாக எட்டி மாத்யூஸ். அந்த ஆண்டு 46 ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) அடித்து லீகிலேயே முதலாவதாக வந்தவர். அடுத்து ஹாங்க் ஆரன். அந்த ஆண்டு அவர் சராசரி, அதாவது மட்டையெடுத்த முறைகளில் ஹிட் விழுந்த பங்கு, .355. பேஸ்பாலில் .300 என்றாலே மரியாதை. நான்காவதாக ஜோ அட்காக். 1954-ல் புரூக்ளினில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்த ஆள். இவர்கள் மூவரும் அன்று இரவு 12 இன்னிங்ஸ் வரை முதல் பேஸைத் தொடவில்லை.

இதில் இன்னொரு சங்கதி பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. பிட்ஸ்பர்க் கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர்) ஸ்மோக்கி பர்ஜெஸ் கனத்த உடம்புக்காரர். முழுசாகக் குந்தி உட்கார முடியாது. கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவில் விரல்களைக் காட்டித்தான் அடுத்த பந்து வேகமா வளைவா என்று பிட்சருக்குச் சைகை செய்வார். சரியாகக் குந்தவில்லை என்றால் அந்த விரல்கள் வெளியே தெரியும். எல்லைக்கு அருகில் உட்கார்ந்திருந்த பிரேவ்ஸ் பிட்சர்கள் அதைப் பார்த்து, ஒரு துண்டைத் தோளில் போட்டும் எடுத்தும் தங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பிரேவ்ஸ் அணியின் பாப் பூல் சொன்ன விஷயம் இது. ஆரன் ஒருவர்தான் அந்த உதவி வேண்டாம் என்றவர். ஆக, வரப் போவது என்ன பந்து என்று தெரிந்தும் அடிக்க முடியவில்லை. பரீட்சைத் தாளை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டு ஃபெயிலான கதை.

சரி, பிட்ஸ்பர்க்கின் 12 ஹிட் எங்கே போனது?

மில்வாக்கி பிட்சர் லூ பர்டெட் தனிப் பிறவி. பந்தில் எச்சில் தடவிப் போடுகிறார் என்று அவர்மேல் எப்போதும் சந்தேகம் உண்டு. சந்தேகம் இருப்பதே நல்லது, ஆடுகிறவன் அதையே நினைத்துக்கொண்டிருப்பான் என்று அவரும் அதை மறுக்க அவ்வளவாக மெனக்கெட மாட்டார். 1957 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸை மூன்று முறை தோற்கடித்தவர். அன்று அவர் 13 இன்னிங்ஸ் முழுவதும் போட்டார்: 12 ஹிட், பூஜ்யம் ரன், பூஜ்யம் வாக், இரண்டே ஸ்ட்ரைக் அவுட் (மூன்று நல்ல பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆவது). ஹாடிக்ஸ் யாரையும் உள்ளே விடவில்லை. பர்டெட் எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு வாசல் கதவைப் பூட்டினார்.

மூன்றாவது இன்னிங்ஸைப் பாருங்கள். அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் பிட்ஸ்பர்க்குக்கு மூன்று ஹிட். ஒன்று ஹாடிக்ஸே அடித்தது. முதல் பேஸில் நின்ற ரொமான் மெஹியாஸ் அந்த அடியில் இரண்டாவது பேஸோடு நிற்காமல் மூன்றாவதுக்கு ஓட ஆசைப்பட்டு அவுட் ஆனார். அடுத்து வந்த டிக் ஸ்கோஃபீல்ட் ஹிட் அடித்தார். மெஹியாஸ் இரண்டாவது பேஸில் பேசாமல் நின்றிருந்தால் அந்த அடியில் அவர் 'வீடு', அதாவது கிளம்பிய இடம், வந்து சேர நல்ல வாய்ப்பு இருந்தது. பிறகு பில் வெர்டன் தூக்கி அடித்து அவுட். மூன்று ஹிட், ஒரு ரன் இல்லை. ஹாடிக்ஸின் சரித்திர ஆட்டம் 9 இன்னிங்ஸில் 1-0 என்று முடிந்திருக்க வேண்டியது, அந்த ஒரு ஓட்டத்தில் கை நழுவிப் போனது என்பது என் கணிப்பு. எல்லோரும் ஹோக்கைத் திட்டுவார்கள். நான் மெஹியாஸைத்தான் முதலில் திட்டுவேன். ராபர்ட்டோ கிளமென்டே காயத்தால் ஆடாத நாள் அது. வலது எல்லையில் அவர் இடத்தில் இறங்கியவர்தான் மெஹியாஸ்.

நீட்டிப்பு இன்னிங்ஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. 10, 11, 12. மில்வாக்கிக்கு மூன்றுமே மூன்று பேரில் முடிந்தன. ஒரு கணக்கு இங்கே அழகாக விழுகிறது. ஒரு வரிசையில் ஒன்பது பேர். நான்கு சுற்று முடிந்தால் 36. 12 இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் வீதமும் 36. ஆக, 13-வது இன்னிங்ஸில் மில்வாக்கியின் முதல் இடத்து ஆள் ஐந்தாவது முறையாக மட்டையெடுக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் தொடக்கத்தில் இருந்த ஜானி ஓ'பிரையன் இப்போது இல்லை. 10-வது இன்னிங்ஸில் அவருக்குப் பதிலாக வேறொருவரை மட்டைக்கு அனுப்பிவிட்டதால், களத்தில் அவர் இடத்துக்கு வந்த ஃபெலிக்ஸ் மான்டிலாவின் முறை. மான்டிலாவுக்கு அன்று அதுதான் முதல் முறை.

மான்டிலா பந்தைத் தரையோடு தட்டினார். மூன்றாவது பேஸ் பக்கம் போன சாதாரணப் பந்து. ஹோக் எடுத்தார், நிமிர்ந்தார், எறிந்தார். எறிந்த பந்து முதல் பேஸ்காரர் ராக்கி நெல்சனுக்கு முன்னால் தரையில் பட்டுக் குதித்தது. மான்டிலா பத்திரமாகப் பேஸில். ஸ்கோர் எழுதுகிறவர்கள் கட்டத்தில் 'ஈ-5' என்று போடுவார்கள். ஈ என்றால் எரர், ஐந்து என்பது மூன்றாவது பேஸ்காரரின் எண். பிட்சருக்கு ஒன்று, கேட்சருக்கு இரண்டு என்று தொடங்கி வலது எல்லைக்காரருக்கு ஒன்பது வரை எண் உண்டு. நான் ஸ்கோர் எழுதப் பழகிய புதிதில் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) ஐந்து என்று எழுதிவிட்டு ஒரு முழு ஆட்டத்தையும் அழித்துத் திரும்ப எழுதியிருக்கிறேன், அவர் ஆறு.

ஆக, பெர்ஃபெக்ட் கேம் அந்தக் கணத்தில் போயிற்று. ஆனால் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் இன்னும் உயிரோடு இருந்தது.

அடுத்தவர் மாத்யூஸ். 46 ஹோம் ரன்காரர். அவரைப் பந்தை மெல்லத் தடவிவிட்டு அவுட் ஆகச் சொன்னார்கள். தான் அவுட் ஆகி மான்டிலாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்துவதுதான் திட்டம். 'சாக்ரிஃபைஸ்' என்று இதற்குப் பெயர். நம் ஊரில் கடைசி ஓவரில் சிக்ஸர் மன்னனைக் கூப்பிட்டு 'தம்பி, ஒரு சிங்கிள் எடுத்துக் கொடுத்துட்டு வந்துடு' என்று சொல்வது மாதிரி. லீகின் முதல் ஹோம் ரன்காரரிடம் இதைக் கேட்க வேண்டி வந்தது என்பதே ஹாடிக்ஸ் அன்று எப்படிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சி. பிறகு ஆரனுக்கு வேண்டுமென்றே நான்கு பந்து வெளியே போட்டு முதல் பேஸைக் கொடுத்தார்கள். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ஆள் நின்றால் ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்க முடியும் என்ற கணக்கு. அடுத்த ஆள் அட்காக் அதுவரை நான்கு முறையும் ஒன்றுமில்லாமல் போனவர்: இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட், இரண்டு முறை தரையடி. இந்த முறை ஹாடிக்ஸ் போட்ட பந்து கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. அட்காக் அதை வலது நடு எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பினார்.

முடிந்தது. வேலி தாண்டினால் ஹோம் ரன். மான்டிலா, ஆரன், அட்காக் மூவரும் சுற்றி வந்தால் 3-0. அப்படியானால் ஸ்கோர் ஏன் 1-0?

ஆரன் பந்து வேலி தாண்டியதைக் கவனிக்கவில்லை. எல்லைக்குள்ளேயே விழுந்தது, மான்டிலா வீடு சேர்ந்ததும் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு நேராகத் தன் அணிக் கொட்டகையைப் பார்த்து நடந்துவிட்டார். அட்காக் குனிந்த தலை நிமிராமல் ஓடிக்கொண்டிருந்தார். மூன்றாவது பேஸை நோக்கி அவர் ஓடும்போது, முன்னால் ஓட வேண்டிய ஆரன் பின்னால் எங்கோ மைதானத்துக்கு நடுவில் நிற்கிறார். முன்னால் ஓடுகிறவரைத் தாண்டினால் தாண்டியவர் அவுட் என்பது விதி. அட்காக் அவுட். அணிக்காரர்கள் கத்தி ஆரனைத் திருப்பி அனுப்பி, வரிசையாகப் பேஸ்களைத் தொடவைத்தார்கள். அன்றிரவு நடுவர்கள் மான்டிலாவும் ஆரனும் வந்ததைக் கணக்கில் எடுத்து 2-0 என்றார்கள்.

மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் கைல்ஸ் அதையும் மாற்றினார். ஆரனைத் தாண்டியதால் அட்காக்கின் அடி ஹோம் ரன் ஆகாது, அது இரண்டு பேஸ் அடி மட்டுமே. ஆகவே மான்டிலாவின் ரன்னோடு ஆட்டம் முடிந்தது, 1-0. வேலிக்கு வெளியே போய் விழுந்த பந்து ஒரு 'டபுள்' ஆனது இப்படித்தான். அட்காக் தன் ஆட்ட வாழ்வை 336 ஹோம் ரன்னோடு முடித்தார். 337-வது மில்வாக்கியில் அந்த வேலிக்குப் பின்னால் கிடக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பேஸ்பால் ஸ்கோர் அட்டை ஒரு வரவுசெலவுக் கணக்கு மாதிரி. இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் சமமாக வர வேண்டும். மட்டையெடுத்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு கதிக்குத்தான் போக முடியும்: ரன் எடுத்திருப்பார், அவுட் ஆகியிருப்பார், இல்லையென்றால் இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் அம்போவென்று நின்றிருப்பார். நான்காவது கதி கிடையாது.

மில்வாக்கியை எடுங்கள். 12 இன்னிங்ஸில் 36 பேர், 13-வதில் மான்டிலா, மாத்யூஸ், ஆரன், அட்காக். மொத்தம் 40. ரன் ஒன்று (மான்டிலா). பேஸில் நின்றவர் ஒன்று (ஆரன்). அப்படியானால் அவுட் 38. 36-க்கு மேல் இரண்டு அவுட் எங்கிருந்து வந்தது? ஒன்று மாத்யூஸின் தியாகம். இன்னொன்று ஆரனைத் தாண்டிய அட்காக். 38 அவுட்டை மூன்றால் வகுத்தால் 12⅔. நீங்கள் பார்த்த அந்த விசித்திரமான பின்னம் இதுதான். ஜெயிக்கவைத்த அடியை அடித்தவரே அவுட் ஆனதன் தழும்பு அந்த ⅔-ல் இருக்கிறது. ஆரன் ஒழுங்காக ஓடியிருந்தால் அங்கே ⅓ என்று இருந்திருக்கும்.

பிட்ஸ்பர்க் பக்கமும் அப்படியே. 13 இன்னிங்ஸ், 39 அவுட். ரன் இல்லை. பேஸில் நின்றவர்கள் 8. கூட்டினால் 47 பேர் மட்டையெடுத்திருக்கிறார்கள். 12 ஹிட்டில் 8 பேர் நின்றுபோனார்கள் என்றால் மீதி 4? மூன்று முறை மில்வாக்கிக்காரர்கள் ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்கினார்கள், அதில் மூன்று. நான்காவது மெஹியாஸ். கணக்கு நேர். சராசரியைப் பார்த்தால் பிட்ஸ்பர்க் 47-க்கு 12, அதாவது .255, குறை சொல்ல முடியாத எண். மில்வாக்கிக்குச் சாக்ரிஃபைஸும் வாக்கும் சராசரியில் சேராது என்பதால் 38-க்கு 1, அதாவது .026. இந்த .026 தான் ஜெயித்த அணி.

ஹாடிக்ஸின் வரியில் உள்ள மற்றொரு பூஜ்யத்தையும் பார்த்துவிடுவோம். அவருடைய வரி முழுசாக: 12⅔ இன்னிங்ஸ், 1 ஹிட், 1 ரன், 0 'ஏர்ண்டு ரன்', 1 வாக், 8 ஸ்ட்ரைக் அவுட், தோல்வி. மான்டிலா எரரால் பேஸுக்கு வந்தவர் என்பதால் அவர் எடுத்த ரன் பிட்சரின் பொறுப்பில் எழுதப்படாது. கணக்குப்படி அந்த ஆட்டத்தில் ஹாடிக்ஸ் பொறுப்பில் ஒரு ரன்னும் இல்லை. தோல்வி மட்டும் அவர் பெயரில். அந்த ஒரு வாக்கும் தன் அணி சொல்லி வேண்டுமென்றே கொடுத்தது. தானாக அவர் யாருக்கும் வாக் கொடுக்கவே இல்லை.

பழியையும் பொறுப்பையும் இப்படிப் பிரித்து எழுதும் வழக்கத்துக்கு வித்திட்டவர் ஒரு கிரிக்கெட்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஹென்றி சாட்விக். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போய், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்து, 1859 வாக்கில் பேஸ்பாலுக்கும் ஒரு அட்டவணை வடிவத்தைப் பத்திரிகையில் கொண்டுவந்தார். மில்வாக்கி ஆட்டத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பு. அதனால்தான் நமக்கு அந்த அட்டை முற்றிலும் அந்நியமாகத் தெரிவதில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. பட்டியலில் பெயர் ஏன் இல்லை?

முன்பு இருந்தது. 9 இன்னிங்ஸுக்கு மேல் ஒருவரையும் விடாமல் போட்டவர் என்ற முறையில் அவர் பெயரையும் ஹிட் கொடுக்காத ஆட்டங்களோடு சேர்த்தே எழுதிவந்தார்கள். 1991 செப்டம்பரில், பேஸ்பால் கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில் புள்ளிவிவரங்களைச் சரிபார்க்க அமைந்த குழு ஒரு வரையறையை உறுதி செய்தது: ஆட்டம் 9 இன்னிங்ஸாவது போக வேண்டும், அது முடியும்வரை ஹிட்டே இருக்கக் கூடாது. மழையால் பாதியில் நின்றவை, நீட்டிப்பில் ஹிட் விழுந்தவை என்று சுமார் 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து ஒரே நாளில் நீங்கின. அதில் ஹாடிக்ஸும் ஒருவர்.

அதே முடிவில் அடிபட்ட இன்னொருவர் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1917-ல் பாஸ்டனில் பேப் ரூத் பிட்சராக இருந்த காலம். முதல் ஆளுக்கு வாக் கொடுத்தார், நடுவரோடு சண்டை போட்டார், கை நீட்டினார், வெளியே அனுப்பப்பட்டார். பதிலுக்கு வந்த எர்னி ஷோர் இருக்கும்போது அந்த முதல் ஆள் இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடி அவுட். அதற்குப் பிறகு 26 பேரையும் ஷோர் வரிசையாக அனுப்பினார். நெடுநாள் அது பெர்ஃபெக்ட் கேம் என்றே எழுதப்பட்டது. 1991-க்குப் பிறகு அது ரூத்தும் ஷோரும் சேர்ந்து போட்ட, ஹிட் இல்லாத ஆட்டம் மட்டுமே.

இந்த முடிவு நியாயமா என்றால், எனக்கு இதில் கோபம் இல்லை. உங்களுக்கு அநியாயமாகப் படுவதற்குக் காரணம் கிரிக்கெட் பழக்கம் என்று நினைக்கிறேன். கிரிக்கெட்டில் ஒருவர் 100 தொட்டுவிட்டால் 101-ல் அவுட் ஆனாலும் சதம் சதம்தான். தாண்டிய மைல்கல் பின்னால் வந்து பிடுங்கிக்கொள்ளாது. பெர்ஃபெக்ட் கேம் அப்படி ஒரு மைல்கல் இல்லை. அது முழு ஆட்டத்துக்கும் வைத்த பெயர். கடைசிப் பந்துவரை ஒரு ஆள்கூடப் பேஸில் நிற்காத ஆட்டம். மில்வாக்கி ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸில் மூன்று பேர் நின்றார்கள். 1995-ல் மான்ட்ரியல் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸ் 9 இன்னிங்ஸ் முழுக்க ஒருவரையும் விடாமல் போட்டு, பத்தாவது இன்னிங்ஸில் முதல் ஆளிடம் டபுள் வாங்கினார். அவருடைய அணி அந்த ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்தும்கூட அவர் பெயரும் பட்டியலில் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். 2023 வரை அந்தப் பட்டியலில் 24 பெயர்கள். அந்த 24-ல் யாரும் ஒரே ஆட்டத்தில் 36 பேரைத் தொடர்ந்து அவுட் ஆக்கியவர் இல்லை. 27-ஐத் தாண்டும் தேவையே அவர்களுக்கு வரவில்லை. ஹாடிக்ஸிடம் கேட்டபோது, பரவாயில்லை, நான் செய்தது எனக்குத் தெரியும் என்ற அளவில் முடித்துக்கொண்டார். 1994 ஜனவரியில் காலமானார்.

இன்று இப்படி ஓர் ஆட்டம் நடக்குமா என்றும் கேட்பீர்கள். நடக்காது. 2020 முதல் வழக்கமான சீசன் ஆட்டங்களில் நீட்டிப்பு இன்னிங்ஸ் தொடங்கும்போதே ஒரு ஆளை இரண்டாவது பேஸில் நிறுத்திவிடுகிறார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று. அதோடு, இரண்டு பக்கத்துப் பிட்சர்களும் 13-வது இன்னிங்ஸ்வரை நிற்பதை இந்தக் காலத்து மேனேஜர் யாரும் அனுமதிக்க மாட்டார். அன்று 19,194 பேர் பார்த்த அந்த 13 இன்னிங்ஸும் 2 மணி 54 நிமிடத்தில் முடிந்துவிட்டன. 2021-ல் சாதாரண 9 இன்னிங்ஸ் ஆட்டத்துக்கே சராசரி 3 மணி 10 நிமிடம் ஆனது.

ஆட்டம் முடிந்த இரவு பர்டெட் ஹாடிக்ஸுக்கு ஃபோன் செய்து ஆறுதல் சொன்னார். ஆனால் பர்டெட் வாய் சும்மா இருக்காது. பேஸ்பாலில் இதுவரை யாரும் போடாத அளவுக்கு நன்றாக ஒருவன் போட்டும் என்னை ஜெயிக்க முடியவில்லை என்றால், நான் எவ்வளவு பெரிய பிட்சராக இருக்க வேண்டும் என்று பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் காட்டிச் சம்பளமும் கூட்டிக் கேட்டாராம். நாடெங்கிலுமிருந்து ஹாடிக்ஸுக்குக் கடிதங்கள் குவிந்தன. ஒரு கல்லூரி மாணவர் கூட்டத்திடமிருந்து வந்ததில் ஒரே ஒரு வரி, அதுவும் 'உன் தலையெழுத்து' என்பதைக் கொஞ்சம் பச்சையாகச் சொன்ன மாதிரி. முதலில் கோபம் வந்ததாம். யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை என்று தோன்றியதாம்.

கடைசியாக, இன்னும் ஒரு ஸ்கோர் வரி. அடுத்த ஆண்டு, 1960 அக்டோபர் 13, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க்கில். ஒன்பதாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் 9-7 முன்னிலை. யாங்கீஸ் இரண்டு பேரைப் பேஸில் ஏற்றிவிட்டார்கள். ஹாடிக்ஸை உள்ளே அனுப்பினார்கள். மிக்கி மேன்டில் அவரிடம் ஒரு ஹிட் அடித்தார், ஒரு ரன் வந்தது. யோகி பெரா அடித்த பந்து முதல் பேஸ் பக்கம் போனது, அங்கே அதே ராக்கி நெல்சன். மேன்டில் சாமர்த்தியமாகக் குப்புற விழுந்து பேஸுக்குத் திரும்பித் தப்ப, இன்னொரு ரன் வந்து 9-9 சமம். கையிலிருந்த முன்னிலை போனது. அடுத்த பாதியில் முதல் ஆளாக வந்த பில் மசெராஸ்கி ஹோம் ரன் அடித்து 10-9 என்று முடித்தார். சீரிஸ் பைரேட்ஸுக்கு. யாங்கீஸின் பாதி முடியும்போது யார் பிட்சராக நின்றாரோ அவர் பெயரில்தான் வெற்றி எழுதப்படும். அன்றைய அட்டையில் ஹாடிக்ஸ் பெயருக்கு நேரே: ஒரு இன்னிங்ஸ், ஒரு ஹிட், வெற்றி.